மாப்பிள்ளை வைத்த சிகப்புப் பட்டன்

புதுவாயல்,
12-8-2008, செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மருமகன் தௌஹீத் அவர்களுக்கு, மாமா முஹம்மது ஹனீப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் மாமி ஆரிபாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் என் மகள் ஹஸ்னாவும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். துபாயில் வெயில் கொளுத்துவதாக டி.வி.யில் சொன்னார்கள். இங்கேயும் அதே வெயில்தான், டி.வி.யில் சொல்வதில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். போன் செய்தால் ஹஸ்னாதான் எடுக்கிறாள். எடுத்த கையோடு, "அத்தா, வெப்சைட்டப் பத்தி மட்டும் அவர்கிட்ட ஒன்னும் சொல்லிடாதீங்க, கண்ணு முழிச்சி செஞ்சிகிறாரு, மனசு ஒடிஞ்சி பூடுவாரு" என்று என் வாயைக் கட்டிவிட்டுத்தான் உங்களிடம் கொடுக்கிறாள். அதன் பிறகு நானும் நீங்களும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். ஈமெயில் அனுப்பலாம் என்றால் எனக்கு டைப் அடிக்க வராது. பிரௌசிங் சென்டர் நடத்துகிற பூமிகாதான் அடிக்க வேண்டும், அவள் ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடிக்கிற பழக்கம் உள்ள பெண். மாமனார் மருமகனுக்கு என்ன எழுதுகிறார் என்று புதுவாயல் ஜங்ஷன் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே லீவு முடிந்து வியாழக்கிழமை துபாய் திரும்புகிற என் தம்பி சஹாபுதீன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே மாமி போட்ட இறால் ஊறுகாயும் வருகிறது. முதலில் ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் கடிதத்தைப் படித்தால் நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நம் கம்பெனிக்குச் செய்துகொடுத்த வெப்சைட் மிகவும் அழகாக இருக்கிறது. பார்த்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அழகா கீது பாய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். ஒருவர்கூட ஆர்டர் கொடுக்கவில்லை. இது உங்கள் குறை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், ஹஸ்னா எனக்கு ஒரே மகள்.

நம் தொழில் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் நிக்காஹ் சமயத்தில் ஒர்க் ஷாப்பைக் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, நல்லா இருக்கு மாமா என்று சொல்லிப் போனீர்கள், அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கேஸ்கட் என்றால் குழாயும் குழாயும் சேருகிற வாயில் நடுவே வைத்து முடுக்குகிற ரப்பர் வளையம். நம் வீட்டுக் குக்கர் மூடிக்குள் இருக்கிறதே, அதற்குப் பெரியப்பா முறை. கும்மிடிப்பூண்டியில் எந்தக் கம்பெனியில் எந்தக் குழாய் ஒழுகினாலும் ஒரு காலத்தில் முதல் போன் நமக்குத்தான் வரும். இப்போது பழைய மில்களில் ஷிப்டைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், ஓடாத குழாய் ஒழுகவும் மாட்டேன் என்கிறது. எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே நம்பிக்கை புதிதாக வந்திருக்கிற ஒரு பெரிய கம்பெனி. அங்கே பர்ச்சேஸ் பார்க்கிற குப்புராஜ் சார் கறாராகச் சொல்லிவிட்டார், "பாய், கடைக்கெல்லாம் நான் வர்றதில்ல, நீங்களும் சாம்பிள தூக்கிக்கினு கேட்டாண்ட வந்து நிக்காதீங்க. வெப்சைட் இருந்தா பாக்கறேன். புட்சிருந்தா சப்ளையர் லிஸ்ட்ல சேக்கறேன்." அந்த லிஸ்டில் பெயர் வராவிட்டால் இந்த வருஷத்தோடு ஒர்க் ஷாப்பை மூட வேண்டியதுதான். மாமியிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். நீங்கள் முதன்முதலில் அனுப்பிய மெயிலை மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். நீலம் நம்பிக்கை தரும், பச்சை அமைதி தரும், மஞ்சள் சந்தோஷம், கறுப்பு கௌரவம், சிகப்பு மனிதனைச் செயலில் இறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது பெருமையாகக்கூட இருந்தது, நம் சரக்கு முழுக்கக் கறுப்பு, இத்தனை வருஷம் கௌரவத்தை விற்கிறோம் என்று தெரியாமலே விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன். கூடவே சில நிறங்களைக் கட்டம் கட்டமாக வைத்து நம்பர் போட்டு, குடும்பமாக உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று அனுப்பியிருந்தீர்கள். பூமிகா அதைக் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். பழவேற்காட்டு வீட்டில் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு, எல்லோரும் அந்தப் பேப்பரைச் சுற்றி உட்கார்ந்தோம். பாதிக் கட்டம் ரோஸ், பாதிக் கட்டம் மஞ்சள். துபாயில் இருப்பவர்களுக்கு ரசனை இப்படி ஆகிவிடும் போல என்று நினைத்துக்கொண்டோம், சொல்லிக்கொள்ளவில்லை. சஹாபுதீன், மெயிலில் பெயர் சொன்ன நிறங்களில் இரண்டைச் சேர்த்து வைக்கலாம் என்றான். எந்த இரண்டைச் சேர்த்தாலும் அது ஏதாவது ஒரு கட்சிக் கொடியாக முடிந்தது, நமக்கு எல்லாக் கட்சிக்காரனும் வேண்டும், வேண்டாம் என்றேன். பச்சையைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான்தான் மறுத்தேன், போர்டைப் பார்த்ததுமே பாய் கடை என்று தெரிய வேண்டாம், கேஸ்கட்டைப் பார்க்கட்டும் என்று. கடைசியில் மாமி நாலாம் நம்பரில் விரலை வைத்து, "ரோஸ் மில்க் கலரு, கண்ணுக்குக் குளுகுளுன்னு கீது, இதையே எழுதிடுங்க" என்றாள். எழுதிவிட்டோம். துணிச்சலான தேர்வு மாமா என்று நீங்கள் பதில் போட்டீர்கள். ரோஸ் மில்க்கில் என்ன துணிச்சல் என்று எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது.

வெப்சைட்டைத் திறந்தால் அது கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. பூமிகாவைக் கேட்டேன். அவளுடைய பிரிண்டரில் நீல மை காய்ந்துபோய் நாளாகிவிட்டதாம், அதனால் கத்திரிக்காய் நிறம் பேப்பரில் ரோஸாக விழுந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய நம்பிக்கை முழுவதும் மெஷினுக்குள்ளேயே தங்கிவிட்டது, எங்களுக்கு வந்து சேர்ந்தது சந்தோஷம் மட்டும்தான். ஏம்மா சொல்லவில்லை என்றால், "கலர் பிரிண்டுன்னுதானே கேட்டீங்க பாய், எல்லா கலரும் வேணும்னு கேக்கலயே" என்கிறாள். சரி, கத்திரிக்காயும் நல்ல காய்தான். ஆனால் நம் சரக்கு கறுப்பு. கறுப்பு வளையத்தைக் கத்திரிக்காய் நிறத்தில் வைத்ததில் வளையம் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை, வெட்டினவன் நான். பக்கத்து லேத் பட்டறைக்காரர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "பாய், கரண்டு கம்மியா வருதா?" என்று கேட்டார்.

இதை ஹஸ்னா உங்களிடம் எப்படியோ பதமாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் உடனே அக்கறையாக, பின்னால் இருந்த நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, கேஸ்கட்டுகளை மஞ்சளாக்கி வைத்தீர்கள். பார்க்கப் பளிச்சென்று, தட்டில் அடுக்கிய ஜிலேபி மாதிரி இருந்தது. மறுநாளே ஒரு கெமிக்கல் கம்பெனி ஸ்டோர் கீப்பர் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சள் கேஸ்கட் எடு பாய் என்றார். சார், எல்லாம் கறுப்புதான், போட்டோவில் மாப்பிள்ளை அழகுக்காக மஞ்சள் பூசியிருக்கிறார் என்றேன். "இன்னா பாய் பேஜாரு பண்றே. கேஸு பைப்புக்கு மஞ்ச பெயிண்டு அடிக்கறாங்கோ, நீ அதுக்குன்னு தனியா போட்டுகிறேன்னு நென்ச்சி, மேனேஜராண்ட சொல்ட்டு ஆட்டோ புட்சிக்கினு வந்துகிறேன்" என்று சத்தம் போட்டுவிட்டு வெறும் ஆட்டோவில் திரும்பிப் போனார். இந்தப் பக்கத்தில் நிறம் என்பது வேறு விஷயம், மாப்பிள்ளை. இங்கே குழாய்க்கு ஒரு நிறம், ஹெல்மெட்டுக்கு ஒரு நிறம், தரையில் போடுகிற கோட்டுக்கு ஒரு நிறம். அழகுக்காக யாரும் பூசுவதில்லை. மாற்றிப் பூசினால் ஆள் செத்துப்போவான். இதை நான் முதலிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கே அப்போது தோன்றவில்லை.

மூன்றாவது தடவை நீங்கள் உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தீர்கள். வெளிர் நீலம், வெள்ளை எழுத்து, கறுப்புக் கேஸ்கட் கறுப்பாகவே இருந்தது. நடுவில் உருண்டையாக, பெரிதாக ஒரு சிகப்புப் பட்டன், அதன் மேல் ஆர்டர் என்று எழுத்து. சிகப்பைப் பார்த்தால் கை தானாகப் போகும் மாமா, ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படிச் சந்தோஷம். புது லாரிக்கே மாலை போட்டுப் பூசணிக்காய் உடைக்கிற ஊரில், வெப்சைட்டைச் சும்மா திறந்தால் யார் மதிப்பார்கள்? திறப்பு விழா வைத்துவிட்டேன். பூமிகாவின் பிரௌசிங் சென்டரில் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, சமோசா சொல்லி, எல்லாக் கம்பெனி போர்மேன்களையும் நேரில் போய் அழைத்தேன். சீஃப் கெஸ்ட் அரசப்பன் அண்ணன், ரோலிங் மில் மெயின்டனன்ஸ் போர்மேன், ஆரம்பாக்கத்திலிருந்து ரயில் ஏறி வந்தார். அவர் ஒரு கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கும்மிடிப்பூண்டி முழுக்க அதையே வாங்குவார்கள். அவ்வளவு பெரிய மனுஷன், அதை அவரும் மறப்பதில்லை, நம்மையும் மறக்க விடுவதில்லை. கத்தரியை வாங்கி ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். முதல் ஆர்டர் உங்கள் கையால் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். மவுஸைப் பிடித்தார். அந்த அம்புக்குறி மெதுவாகப் போய்ப் பட்டன் பக்கத்தில் நின்றது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னா பாய் இது, சிகப்பு?" என்றார்.

"ஆர்டர் பட்டன்ணே. அமுக்குங்க."

"இன்னா நைனா வெளையாடறியா? பச்சன்னா ஸ்டார்ட்டு, சிகப்புன்னா ஸ்டாப்பு. எமர்ஜென்சிக்கு வச்சிகிறத கொண்ணாந்து ஆர்டருக்கு மாட்டி வச்சிகிறே."

"இது கம்ப்யூட்டர்தாண்ணே, மிஷின் இல்ல."

"கரண்டுல ஓடுதா இல்லியா?"

"ஓடுது."

"அப்ப மிஷின்தான். எங்க மில்லுல ஒர்த்தன் டீ குட்ச்சிக்கினே சாஞ்சான், முதுகு பட்டு சிகப்பு அமுங்கிட்ச்சி. மொத்த லைனும் நின்னு, கம்பியெல்லாம் உள்ளயே எறுகிப் போயி, மேனேஜரு ஊட்லர்ந்து லுங்கியோட ஓடியாந்தாரு. அன்னிலர்ந்து சிகப்பப் பாத்தா என் கை தானா பின்னால பூடும்."

கை தானாகப் போகும் என்று நீங்கள் எழுதியிருந்தது உண்மைதான், மாப்பிள்ளை. எந்தப் பக்கம் போகும் என்பதுதான் ஆராய்ச்சியில் விட்டுப்போயிருக்கிறது. மற்ற போர்மேன்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் மவுஸை அடுத்தவரிடம் நீட்டினேன், அவர் அதற்கு அடுத்தவரைக் காட்டினார், அந்த மனிதர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்தார். பூமிகா பொறுக்க முடியாமல், "அமுக்குனா ஒரு மெயில் போவும் சார், வேற ஒன்னும் ஆவாது" என்றாள். "எங்களுக்கும் மொதல்ல அப்டித்தாம்மா சொன்னாங்கோ" என்றார் அரசப்பன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கம்பெனி, என் மருமகன் செய்த பட்டன், நானே அமுக்குகிறேன் என்று பிஸ்மில்லாஹ் சொல்லி அமுக்கினேன்.

கரண்டு போய்விட்டது. கம்ப்யூட்டர், ஃபேன், பக்கத்துக் கடை கிரைண்டர், எதிரில் வெல்டிங் பட்டறை, ஜங்ஷன் முழுக்க ஒரே நேரத்தில் நின்றது. அது தினமும் அந்த நேரத்துக்குப் போகிற கரண்டு. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், பேப்பரில் நேரம் போட்டே நிறுத்துகிறார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. அரசப்பன் அண்ணன் எழுந்து நின்று, "யாரும் ஓட வாணாம். வரிசையா வெளிய வா" என்றார். கம்பெனியில் பயர் டிரில்லில் பழகின ஆட்கள் அல்லவா, ஒருவர் பின் ஒருவராக, சமோசாவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒழுங்காக வெளியே போய் டயர் கடை முன்னால் நின்று தலையை எண்ணிக்கொண்டார்கள். ஒரு ஆள் குறைகிறது என்று திரும்ப உள்ளே வந்து தேடினார்கள். அந்த ஆள் நான்தான், நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து பாய் பட்டனை அமுக்கினால் புதுவாயலே நின்றுவிடும் என்று பேச்சாகிவிட்டது. பரோட்டா கடைக்காரர் காலையில் நாஷ்டா வைக்கும்போதே, "இன்னிக்கி எப்ப அமுக்கப் போறீங்க பாய், அதுக்குள்ள மாவு அரைச்சிக்கணும்" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார், ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

இதை உங்களிடம் போனில் சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் போன் உங்கள் கைக்கு வந்ததும், பட்டன் எப்படி மாமா என்று ஆசையாகக் கேட்டீர்கள். பின்னால் ஹஸ்னா பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோனது எனக்குக் கேட்டது. நல்லா இருக்கு மாப்பிள்ளை, ஜனங்க கண்ணுலதான் கொஞ்சம் படல போல என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். கண்ணில் படாததுதான் குறை என்று நீங்கள் எடுத்துக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் கம்பெனிப் பெயரை மஞ்சளும் சிகப்புமாக மாறி மாறி மின்ன விட்டிருக்கிறீர்கள். மரியாதைக்குச் சொன்ன ஒரு பொய்க்கு இவ்வளவு வெளிச்சம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஃபேக்டரியில் கொதிகலன் கெட்டுப்போனால்தான் அப்படி விளக்கு மின்னும். வேலைக்கு மனு போட பூமிகாவின் கடைக்கு வருகிற பிள்ளைகள், நம் பக்கத்தைத் திறந்தால் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறார்கள். பூமிகா ஒரு துண்டை எடுத்துத் திரையின் மேல்பக்கம் போட்டுத்தான் கீழே இருப்பதைப் படிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குப்புராஜ் சார் வருகிற திங்கட்கிழமை நம் வெப்சைட்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இன்றைக்கு ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருந்தாலும், தலை நரைக்கும் வரை ஃபர்னஸ் பக்கத்தில் நின்ற மனுஷன். அரசப்பன் கைக்கு வந்த பயம் அவர் கைக்கு வராமல் இருக்காது. அவர் பார்ப்பார், மின்னுவதைப் பார்ப்பார், சிகப்பைப் பார்ப்பார், எழுந்து போவார், நம் ஒர்க் ஷாப்பை மூடிவிடலாம். ஆகையால், உங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதால், தயவுசெய்து அன்றைக்கே அந்தப் பட்டனைப் பச்சையாக மாற்றி, மின்னுவதையும் நிறுத்திவிடவும். சிகப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் படித்தவர், ஆராய்ச்சி தெரிந்தவர். உலகத்தில் பச்சை என்றும் ஒரு நிறம் இருக்கிறது என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். பச்சை வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான், அதை நீங்கள் சுட்டிக்காட்டுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். பாய் கடை என்று தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், கடை இருந்தால்தானே தெரியும். இதனால் உங்களுக்கு மனவருத்தம் இருந்தால் என்னிடமே காட்டுங்கள், ஹஸ்னாவிடம் காட்ட வேண்டாம். அவள் உங்கள் பக்கம் பேசித்தான் என் வாயைக் கட்டினாள்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், உங்கள் கைக்கு பரக்கத்தையும், உங்கள் கம்ப்யூட்டருக்கு நல்ல நிறங்களையும் தருவானாக. ஆரிபா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள். ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள். வஸ்ஸலாம்.

என்றும் உங்கள் நலம் நாடும் மாமா,
முஹம்மது ஹனீப்

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை. சஹாபுதீனை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக கார் வாசலில் வந்து நிற்கிறது, அவசரமாக எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். குப்புராஜ் சார் திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை, நேற்றே பார்த்துவிட்டார். பெயரும் கம்பெனி மெயில் விலாசமும் அடித்து உள்ளே போயிருக்கிறார். போனதும் நம் பெயர் மஞ்சளும் சிகப்புமாக மின்ன ஆரம்பித்திருக்கிறது. மனுஷனுக்குப் பழைய ஃபர்னஸ் ஞாபகம் வந்து, அலாரம் அடிக்கிறது என்று, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, லைனை நிறுத்துவதாக நினைத்து, கண்ணுக்கு எதிரில் இருந்த சிகப்புப் பட்டனில் மவுஸை வைத்து ஓங்கி அமுக்கிவிட்டார். ஆர்டர் பாரத்தில் சாம்பிளுக்கு என்று எல்லா சைஸையும் நீங்களே நிரப்பி வைத்திருந்தீர்களே, அது அப்படியே ஆர்டராக வந்துவிட்டது. பூமிகா பிரிண்ட் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி வருகிறாள், இந்தப் பக்கம் அவரே போன் செய்கிறார்.

"பாய், அங்க எல்லாம் நின்னுச்சா?" என்றார். மூச்சு வாங்கியது.

"ஒன்னும் நிக்கல சார். ஆர்டர் வந்துகிது."

குரலை இறக்கி, "ஆர்டருக்கு நன்றின்னு உங்க சைட்டு கம்பெனி விலாசத்துக்கு மெயில் போட்டுட்ச்சி பாய், அது எங்க டைரக்டருக்கும் போவும். இப்ப கேன்சல் பண்ணா நான் ஏன் அமுக்கினேன்னு எழுதிக் குடுக்கணும். சரக்கு நல்லா இருக்கும் இல்ல?" என்றார். நல்லா இருக்கும் சார் என்றேன். "அப்ப லிஸ்ட்ல உங்க பேரப் போட்டுடறேன். அமுக்குன விஷயம் வெளிய போவ வாணாம்."

ஆகவே மாப்பிள்ளை, சிகப்பு சிகப்பாகவே இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், பின்பக்கத்தில் மாமி ஹஸ்னாவுக்கு இறால் தொக்குக்கு அளவு எழுதிவிட்டாள், அதனால் அனுப்புகிறேன். நீங்கள் அந்தப் பக்கத்தை மட்டும் படித்தால் போதும். கம்பெனிப் பெயரை மட்டும், சிரமம் இல்லையென்றால், இன்னும் கொஞ்சம் வேகமாக மின்ன விடவும்.